பதிவாகாத மூச்சு

மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் படகுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“போன்ல எடுத்த பதிவு ஒண்ணுலகூட மோளோட மூச்சுச் சத்தம் முழுசா இல்ல.” கணவன் மகளைக் காட்டிச் சொன்னான். “எல்லாத்துலயும் உன் குரல்தான் இருக்கு.”

“தூக்கத்துல அவளுக்கு மூச்சு முட்டுது. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“குழந்தைங்க மூச்சுக்குழாயைப் பத்தி ஆராய்ச்சி பண்ற டாக்டராச்சே, காரணம் இல்லாமலா தூங்கறப்போ மூச்சை முழுசா பதிஞ்சு கொண்டுவரச் சொன்னாங்க? சத்தத்தைக் கேட்டா அடைப்பு எங்கன்னு கொஞ்சம் புரியுமாம். இன்னிக்கும் வெறுங்கையோட போய் என்ன சொல்றது?”

“அப்போ நீங்களே எடுங்க.”

சற்று நேரத்தில் குழந்தையின் தொண்டை கரகரவென்று இழுக்கத் தொடங்கியது. அவன் போனை அதன் முகத்தருகே பிடித்தான்.

“தூக்கிடாதே.”

அவள் முந்தானையை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இழுப்பு சட்டென்று நின்றது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது; மூச்சு வரவில்லை.

போன் பெஞ்சில் விழுந்தது. “மோளே! மோளே!” என்று குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். அது வீறிட்டு அழுதது.

அவள் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள்.

“இதுலயும் முழுசா இல்லங்க. உங்க குரல் இருக்கு.”