மூன்று நாள் காகிதம்

கட்டைவிரல் நுழைகிற ஓட்டை எலிக்கு வாசல். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்தான் நான். ஆனாலும் வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்துப் போடுவேன்.

நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவன். எலிக்கு விஷம் வைக்கிறவன் சோம்பேறி. அது சுவருக்குள் போய்ச் செத்து வீடே நாறும். என் வழி வேறு. துளையைக் கண்டால் பழைய பேப்பரைக் கசக்கித் திணிப்பேன். மூன்று நாள் பொறுப்பேன். எலி நடமாடுகிற துளையென்றால் காகிதம் வெளியே வந்து கிடக்கும். அதற்குப் பிறகுதான் கண்ணாடிச் சில்லு கலந்து பூசுவேன். காகிதம் அசையாத துளையில் ஒரு கரண்டி சிமெண்டைக்கூட வீணாக்கியதில்லை.

எங்கள் வீட்டுக்கு எலி வந்தது என் தங்கை வந்த பிறகு. புருஷன் போனதும் வந்து பின்பக்கத்து அறையில் தங்கினாள். அப்பா வைத்துவிட்டுப் போன வீடு, அவளுக்கும் பாதி. நான் இல்லையென்று சொல்லவில்லை. தோட்டத்து மூலையில் உரக்குழி தோண்டிக் காய்த்தோலும் மிச்சச் சோறும் கொட்டினாள். குருவிக்கென்று தானியம் இறைத்தாள். சொல்லியனுப்பியது போல எலிகள் வந்தன. வேருக்கு வேர் வளை.

"அந்தக் குழிய மூடித் தொலை" என்றேன்.

"நீ முறைச்சா மனுஷனே ஓடிருவான், எலி எம்மாத்திரம்ணே? தோட்டத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காரு, போதும்" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஆறே மாதத்தில் அது 'அக்கா வீடு' ஆகிவிட்டது. அக்கா வீட்டுத் தக்காளி, அக்கா வீட்டுப் பூ. சுவர் நான் எழுப்பியது, பூச்சு நான் பூசியது. தபால்காரன் ஒருநாள் என் முகத்தைப் பார்த்தே, "வீட்ல அக்கா இல்லையா தாத்தா?" என்று கேட்டான்.

இதெல்லாம் ஒரு காரணமா என்பீர்கள். இல்லைதான். சொல்லவே நாக்குக் கூசுகிறது.

ஒவ்வொன்றாக அடைத்தேன். சாக்கடை வாய்க்குக் கம்பிவலை, கதவடிக்குத் தகரம், பதினேழு துளைக்குச் சிமெண்டு. மிஞ்சியது, தங்கையின் குளியலறைச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒன்று. கேஸில் எரிகிற வெந்நீர் ஹீட்டரின் புகைக்குழாய். அதை மாட்டிய ஃபிட்டர் அப்போதே சொல்லியிருந்தான்:

"பெரியவரே, எந்த ஓட்டைய வேணா அடைங்க, இத மட்டும் தொட்டுராதீங்க. இது ஹீட்டரோட மூக்கு. அடைச்சா புகை உள்ளேயே சுத்தும். வாசனைகூட வராது, ஆள் அப்படியே சாஞ்சிரும்."

விற்கிறவனும் மாட்டுகிறவனும் ஆயிரம் சொல்வான். எதையும் சோதித்துப் பார்க்காமல் நான் நம்பியதில்லை.

வியாழக்கிழமை காலையில் அதையும் பூசினேன். கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை டீயோடு வந்தாள்.

"இன்னைக்கு எந்த எலிக்குண்ணே சமாதி?"

"கடைசித் துளை."

"அப்பாடா. ஆறிரும், குடி" என்று கையில் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். நான் குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

பிறகு செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தக்காளிப் பாத்தி முடிந்தது, கத்தரிப் பாத்தி முடிந்தது. சத்தம் நிற்கவில்லை. விடுவதற்குச் செடி இல்லாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் காலி வாளியோடு நின்றேன். தண்ணீர் வீணாகிறதே என்றுதான் கதவைத் தட்டினேன்.

ஃபிட்டர் சொன்னது மறந்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். வயசானவர், எலித் தொல்லையில் தெரியாமல் அடைத்துவிட்டார், தங்கை செத்தது விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். அழாதீங்க பெரியவரே என்று குடிக்கத் தண்ணீரும் கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீர் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.

அந்தக் குழாயிலும் முதலில் காகிதம்தான் வைத்தேன். திங்கட்கிழமை காலை. மூன்று நாளும் வைத்தது வைத்தபடி இருந்தது. ஓர் எலியும் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலை சுத்துதுண்ணே. உன் வயசு எனக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்று சிரித்தாள். புதன்கிழமை வாந்தியும் சேர்ந்துகொண்டது, மாத்திரை கேட்டாள். கடைக்குப் போய் நானே வாங்கி வந்து கொடுத்தேன்.

ஃபிட்டர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. மறுநாள் சிமெண்டு குழைத்தேன்.