பூஜையில் வைத்த கட்டர்

டீயைச் சாசரில் ஊற்றிக் குடித்தால்தான் எனக்குக் குடித்த மாதிரி இருக்கும், சாகேப். கேட்டதும் கொடுத்தீர்கள், சந்தோஷம். என் கையைப் பாருங்கள், ஒரு சொட்டு சிந்தவில்லை.

இந்தக் கையை நம்பித்தான் ஓதவ்ஜிபாய் தன் பட்டறையின் சின்ன மில்லிங் மெஷினை என்னிடம் விட்டிருந்தார். அதில் இரும்பைச் செதுக்கும் கட்டரின் தண்டைக் கவ்விப் பிடிப்பது காலெட் என்கிற பிளந்த எஃகுக் குழல். சுழலும் ஸ்பிண்டிலுக்குள் அதை வைத்து மேலே நட்டை முடுக்கினால் கட்டர் இறுகிவிடும். காலெட்டுக்குள் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரியாது, நட்டு எப்போதும்போலத்தான் இறுகும். வெட்டு ஆழமாகும்போது கட்டர் வழுக்கிக் கீழே இறங்கும், இரும்பில் மாட்டித் தெறிக்கும். அதனால் நான் ஒவ்வொரு தடவையும் உலர்ந்த துணியால் துடைப்பேன். "பெத்த புள்ளைக்கு மூக்குத் துடைக்கிறான்டா லவ்ஜி" என்று ஓதவ்ஜிபாய் சிரிப்பார். காலையில் கடலைமாவுக் காட்டியா சாப்பிடும்போது, பொரித்த மிளகாயில் பெரியதை என் பக்கம் தள்ளுவார்.

ஜாம்நகரிலிருந்து வஷ்ராம் வந்து சேர்ந்த பிறகு மிளகாய் அவன் பக்கம் போனது. சிரிக்காதீர்கள், சாகேப். அங்கேதான் ஆரம்பித்தது.

பிறகு ஒருநாள் ஓதவ்ஜிபாய் சொன்னார்: "லவ்ஜி, நீ பெரிய மெஷினுக்குப் போயிடுப்பா. சின்னது வஷ்ராம்கிட்ட இருக்கட்டும். அவன் கை பட்டா சத்தமே மாறுதுடா."

சத்தம் மாறியது உண்மை. அவன் நல்ல வேலைக்காரன், நான் இல்லையென்று சொல்லவில்லை. அவன் வெட்டிய பரப்பில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? வேலை நடுவே என் கண் அந்த மெஷின் பக்கமே போகும். அவன் அதையும் கவனித்துவிட்டான்.

"என்ன லவ்ஜிபாய், கட்டிக் கொடுத்த பொண்ண எட்டிப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? நல்லாத்தான் வச்சிருக்கேன், கவலப்படாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு மிஞ்சியது ஒரே மரியாதை. தசராவுக்கு எல்லா மெஷினிலும் பூஜைக் கட்டரை மாட்டுவது எங்கள் பட்டறையில் மூத்த ஆளின் வேலை. குங்குமம் வைத்து, ஸ்பிண்டிலில் சிவப்பு நூல் கட்டுவோம். மறுநாள் முதல் வெட்டு அதே கட்டரில்தான். அதுவரை யாரும் கழற்ற மாட்டார்கள், கழற்றினால் அபசகுனம்.

இந்தத் தசராவிலும் நான்தான் மாட்டினேன். பெரிய மெஷினின் காலெட்டை உலர்ந்த துணியால் துடைத்தேன். சின்ன மெஷினின் காலெட்டுக்குள் எண்ணெய் தடவினேன். கொஞ்சம்தான்.

மறுநாள் வஷ்ராம் ஸ்பிண்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஸ்பேனரை வைத்து நட்டை ஒருமுறை சோதித்தான். இறுக்கமாக இருந்தது. "லவ்ஜிபாய் கை, கேக்கணுமா" என்று மற்றவர்களிடம் சொன்னான். அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஓதவ்ஜிபாய் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு பேடா கொடுத்துக்கொண்டிருந்தார். வஷ்ராம் முதல் வெட்டை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னான். நான் அவன் பின்னால் நின்றேன்.

கட்டர் இறங்கியது, உடைந்தது. ஒரு துண்டு அவன் கழுத்தில் பாய்ந்தது. "லவ்ஜிபாய், தூக்குங்க" என்றான். நன்றாகக் கேட்டது, சாகேப். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஓதவ்ஜிபாய் ஓடிவந்தபோது நான் ஸ்பிண்டில் பக்கம் நின்றதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரிதான். அதற்குள் மெஷினை நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, காலெட்டை வெளியே எடுத்து, உள்ளும் புறமும் துடைத்திருந்தேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தெரியும்.

அவனைத் தூக்காமல் ஏன் அதைத் துடைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேலை தெரிந்தவன் கேட்க மாட்டான், சாகேப். எண்ணெய் பட்ட காலெட்டை அப்படியே விட்டால் ஆபத்து. அடுத்து அந்த மெஷினில் நிற்கப் போகிறவன் நான்தானே.