பெரியவர் காணி

நவம்பர் மாதம். மாலை மணி நாலரைதான்... ஆனால் நம் பக்கத்தில் அதற்குள் கும்மிருட்டு. கோட்டையிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் பாதையில் ஈ காக்கை இல்லை. டூகல்ட் லாரிமர் தனியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தான். நம் டேவியின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன். டேவி, முழிக்காதே. உங்கள் வீட்டில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் அந்தக் கோட்டைத் துரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டையைக் கட்டியவர்கள் சண்டைக்காரர்கள். கடைசியாக வந்த இவரோ விவசாயப் பைத்தியம். அவர்கள் ஆளைப் பூட்டிவைத்த பாதாள அறையில் டர்னிப் கிழங்கைக் குவித்தார். முற்றத்தில் சூளை போட்டுக் களிமண் குழாய் சுட்டார். அதை மண்ணுக்கடியில் பதித்தால் போதும், சதுப்பு வடிந்து விளைநிலமாகிவிடும். எடின்பரோவிலிருந்து பெரிய மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பதக்கம்கூடக் கொடுத்தார்கள்.

எல்லா நிலமும் வடிந்தது, ஒரு துண்டைத் தவிர. பெரியவர் காணி. ஊருக்கு ஒரு துண்டு அவருக்கென்று விட்டுவைப்போமே, அதுதான். சுற்றிலும் கல்சுவர், நுழைய வழி கிடையாது. ஏர் படாது, மண்வெட்டி படாது. சர்ச்சுக்கு ஆகாத, கொம்பும் குளம்பும் உள்ள அந்தப் பெரியவர் யாரென்று நான் வாயால் சொல்லமாட்டேன்... இந்த நேரத்தில் வேண்டாம்.

டூகல்டின் குத்தகை அந்த மாதத்தோடு முடிகிறது. மனைவி எல்ஸ்பத்துக்கு நிறைமாதம். குத்தகை போனால் வீடும் போய்விடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் துரை கூப்பிட்டு அனுப்பினார்.

"காணியை உழுது குழாய் பதிச்சிடு. நீ உசுரோட இருக்கிறவரைக்கும் வீடு உன்னோடதுதான்."

"அவருக்கு மாத்து இடம் குடுக்காம எடுத்தா சும்மா விடமாட்டாரு, துரை."

"நான் குடுக்குறேன்டா. இது என் வார்த்தை."

கையைப் பிடித்து வேறு குலுக்கினார். டூகல்ட் நம்பிவிட்டான்.

சுவரை இடித்து ஏரை இறக்கினான். குதிரைகள் உடம்பெல்லாம் நடுங்கின. முதல் குழாயைப் பதித்துவிட்டு, அடைப்பு இருக்கிறதா என்று அதன் வாயில் காதை வைத்தான்... உள்ளே மூச்சு. இழுத்து... விட்டு... இழுத்து... குளம்பு கருகும் வாடை குப்பென்று அடித்தது. விழுந்தடித்து ஓடிப்போய்ச் சொன்னான். "காத்துடா, மடையா," என்றார் துரை. ஆனால் அவருக்கே முகம் வெளிறிவிட்டது.

மறுநாள் காலை குழாயில் சத்தமே இல்லை. துரை வந்து நின்றார்.

"மாத்து இடம் குடுத்தாச்சு."

"எந்த இடம், துரை?"

"உனக்கு எதுக்கு அந்தக் கவலை? வேலையைப் பாரு."

மாலைக்குள் வேலை முடிந்தது. அதனால்தான் அன்று அந்தப் பாதையில் டூகல்ட் சீட்டியடித்துக்கொண்டு நடந்தான். வீடு தங்கிவிட்டது, பிள்ளைக்குக் கூரை இருக்கிறது என்ற சந்தோஷம். எதிரே கோட்டைக் காரியக்காரன் டாம் தள்ளுவண்டியோடு வந்தான். காலி வண்டி, அடியில் கல்தூசி மட்டும்.

"எங்க போயிட்டு வர்ற, டாம்?"

"துரை சொன்னாரு, செஞ்சேன். என்னை ஒண்ணும் கேக்காத."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடாத குறையாகப் போனான்.

டூகல்ட் வீட்டு முன்னால் வந்து நின்றான். படல் இருந்த இடத்தில் கல்சுவர். கோஸ் பாத்தி முழுக்கக் கல்லை வாரி எறிந்திருந்தார்கள். பெரியவருக்கு விட்ட நிலத்துக்கு அப்படித்தானே நாம் அடையாளம் வைப்போம்? அத்தனை நிலம் வைத்திருந்தும், தன்னுடையதில் ஒரு சாண் கொடுக்க அந்தத் துரைக்கு மனசு வரவில்லை; டூகல்டின் வீட்டையே மாற்று இடமாகக் கொடுத்துவிட்டார்.

"அடப்பாவி... கையைக் குடுத்துச் சொன்னியே!"

வயிறெரிந்து கத்திவிட்டுச் சுவரேறிக் குதித்தான். உள்ளே விளக்கு எரிந்தது. வெங்காய சூப் வாசனை. அதோடு கருகிய குளம்பு வாடையும். கதவைத் தட்டினான்.

"எல்ஸ்பத், கதவைத் திற."

"யாரது?"

"நான்தான்டி. டூகல்ட்."

கரண்டிச் சத்தம் நின்றது. நாற்காலி ஒன்று மெல்லப் பின்னால் நகர்ந்தது... ஓர் ஆண்குரல் கேட்டது. டூகல்டின் குரல். அச்சு அசல் அதே குரல்.

"யாரு வந்திருக்கா?"

"தெரியலைங்க," என்றாள் எல்ஸ்பத். "உங்க பேரைச் சொல்றான்."