கண்ணாடி சரியாக இருந்தது

பின்பக்கக் கண்ணாடியைத் திருத்தாமல் வண்டி எடுப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். முதலில் சீட், அப்புறம் பெல்ட், அப்புறம் கண்ணாடி. சாவியெல்லாம் அதற்குப் பிறகுதான். என் தங்கையின் கணவருக்கும் நானே சொல்லிக் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. மனிதர் தங்கம், ஆனால் பின்னால் யானை வந்தாலும் அவருக்குத் தெரியாது.

நீங்கள் இன்சூரன்ஸ் ஆள், விபத்தன்று வண்டியை யார் ஓட்டியது என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். நான் ஓட்டினேன் என்றால் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளைக்கு நஷ்ட ஈடு கிடைக்கும், வைத்தியம் நடக்கும். அவரே மோதினார் என்றால் ஒன்றும் கிடையாது. அன்று நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஸ்கூல் போர்டைத்தான் யோசித்தேன். 'விபத்தே செய்யாத ஆசிரியர்' என்று எழுதி, போன மாதம்தான் புதுப் பெயின்ட் அடித்திருந்தேன்.

நல்ல வெயில், காலிச் சாலை. போன் அடித்தது, எடுத்தேன், பாலத்துச் சுவர் வந்துவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாப்பிள்ளை நினைவோடுதான் இருந்தார். விரல்களை அசைத்துப் பார்த்தார், அசைந்தன.

"மச்சான், கழுத்து வலிக்குது. என்னை நகர்த்தாதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்."

"ஒண்ணுமில்ல மாப்ள, இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்க," என்றேன்.

அக்குளில் கை கொடுத்து என் டிரைவர் சீட்டுக்கு இழுத்தேன். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் காலுக்கு ஏற்ப சீட்டைத் தள்ளினேன், பெல்ட் மாட்டினேன், கண்ணாடியை அவர் கண்ணுக்குத் திருத்தினேன். கைப்பழக்கம்.

அவர் உயரமே உள்ள நீங்கள் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடி அச்சாகப் பொருந்துகிறது என்று என் தங்கையிடம் சொன்னீர்களாம்.

"அவரு ஜென்மத்துல கண்ணாடிய தொட்டதில்லையே. இது எங்க அண்ணன் கை," என்றாளாம். கெட்டிக்காரி. அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, நான்தான் ஓட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். கழுத்து போனதும் விபத்தில் இல்லை, நான் இழுத்ததில். ஆனாலும் சார், கெடுதல் நினைப்பவன் பெல்ட் மாட்டிவிடுவானா?

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. கதவுப் பக்கம் வருபவர்கள் தெரியட்டும் என்று கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டி, அவர் பார்வைக்குச் சரியாகத் திருத்தி வைத்திருக்கிறேன். அதில் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். மருந்து மயக்கம், பாவம்.