தொண்ணூற்றொன்பது விண்மீன்திரள் குழுக்களைக் கண்டவர்

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, நம் வானோக்கர் கழகத்து உறவுகளே, வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மேடையில் பேச வராது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு வந்தது, பேச்சு வரவில்லை. எழுதி எடுத்துவந்ததைப் படிக்கிறேன். கழகத்தின் பதிவேட்டை எழுதுபவள் என்பதால்தான் இங்கே நிற்கிறேன். எனக்கு முன் பேசிய மூவரும், நம் சாவி அண்ணன் நூறு குழுக்களையும் பார்த்து முடித்தார் என்றார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

சாவி அண்ணன் யார்? இரண்டு கைகளை விரித்தால் சுவரில் இடிக்கும் கடையில் சாவி வெட்டியவர். தன் தொலைநோக்கியின் ஆடியைத் தானே தேய்த்துச் செய்தவர். அதில் அவர் தேடியது நிலாவையா? சனியின் வளையத்தையா? இல்லை! கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் பனி மறையப்போகும் கடைசி நொடி எப்படி இருக்கும்? அவ்வளவு மங்கலான விண்மீன்திரள்கள், நான்கும் ஐந்துமாய்க் கூட்டமாக இருப்பவை. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கடைக்கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

"எனக்கு அந்தக் கடைக்கண்ணுகூடக் கிடைச்சதில்ல" என்று அண்ணி சொல்லி, கழகமே சிரித்த நாள் நினைவிருக்கிறதா?

பார்க்கப் போகும் நாளில் மாலை நான்கு மணிக்கே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார். வெளிச்சம் பட்டால் இரவில் மங்கலானது கண்ணுக்குத் தெரியாதாம். சாவி வெட்ட வந்த ஒருவர் இரண்டடி தள்ளி நின்று கேட்டார்:

"கண் வலியாண்ணே? ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கும். எனக்கு ஒட்டிப் பதினொரு வருசம் ஆச்சு."

பதினொரு ஆண்டுகள்! நம் கழகத்துப் பட்டியலில் இருக்கும் நூறு குழுக்களில் தொண்ணூற்றொன்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்தார். நூறாவது மட்டும் ஒன்பது முறை போயும் தெரியவில்லை. பத்தாவது முறை, போன மாதம் ஒரு சனிக்கிழமை, "நாலும் தெரியுது!" என்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமை தலைவர் கேக் வாங்கிவந்தார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நான் வேலை பார்க்கும் குடிநீர் அலுவலகத்துக்கு வந்தார். டோக்கன் எடுத்து, இருபது பேருக்குப் பின்னால் காத்திருந்து, என் ஜன்னலுக்கு வந்தார்.

"பூட்டே இல்லாத கதவத் திறந்துட்டேம்மா."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நூறாவது. படத்த நேரா புடிச்சிட்டேன்."

எனக்கு உடனே புரிந்தது. அவருடைய தொலைநோக்கியில் வானம் தலைகீழாகத் தெரியும். அதனால் கையிலுள்ள வரைபடத்தையும் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பதினொரு ஆண்டுகள் மறக்காதவர் அன்று அவசரத்தில் மறந்துவிட்டார். அவர் நான்கு திரள்களை வரைந்த இடத்தில் வெறும் வானம்தான் இருக்கிறது. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள். அன்று இல்லாததைக் காட்டியே விட்டது!

"கேக் வெட்டியாச்சேண்ணே!"

"கேக்கு வயித்துக்குள்ள போயிடுச்சு. தப்பு நோட்டுக்குள்ள இருக்கக் கூடாது. எடும்மா பதிவேட்ட."

கழகப் பதிவேடு எப்போதும் என் பையில்தான் இருக்கும்; எடுத்து நீட்டினேன். பின்னால் நின்றவர், "சார், பில் கட்டப் போறீங்களா இல்லியா?" என்று சத்தம் போட்டார். "ஒரு தப்புக் கணக்கு சார், இதோ முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த கூட்டத்துல நானே சொல்லிக்கிறேன். நீ முந்திக்காத" என்றார். நான்கு நாள் கழித்துக் கடையில் சாவி வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலித்துச் சாய்ந்துவிட்டார். அந்த அடுத்த கூட்டம்தான் இது.

இதைச் சொல்லத் தலைவர் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போனேன். மணியை அழுத்தத் தைரியம் இல்லாமல் திரும்பினேன். நேற்று அண்ணியிடம் மட்டும் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினாரு. ஏன்னு இப்பதான் புரியுது. நீயே சொல்லு" என்றார்கள்.

உறவுகளே, போனவரின் பெருமையைக் குறைக்கவா வந்தேன்? இல்லவே இல்லை! அவர் ஒருவரைத் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாத தவறு அது. வாழ்த்து வாங்கிய மறுநாளே, யாரும் கேட்காமல், டோக்கன் எடுத்து வரிசையில் நின்று அதை அழித்தாரே! அந்த ஒரு கோட்டினால்தான் மற்றத் தொண்ணூற்றொன்பதும் மெய் என்று நான் எங்கும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். அவருடைய ஓவியங்களை என் கையால் பதிவு செய்தேன் என்பதைவிடப் பெரிய பட்டம் எனக்கு இல்லை.

நூறாவது குழுவை நாங்கள் தேடுவோம். தெரிந்தால் தெரிந்தது என்று எழுதுவோம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவோம். எத்தனை ஆண்டு ஆனாலும் சரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தலைவர் அவர்களே, அண்ணனின் ஓவியப் புத்தகம் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. அதன் முகப்பில் 'நூறு' என்று இருக்கிறது. அச்சுப்படி உங்கள் முன்னால்தான் இருக்கிறது. தயவுசெய்து இங்கேயே, அண்ணி பார்க்க, அதை உங்கள் கையால் அடித்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.