சத்தம் போடாத பிளேட்டு

எனக்குச் சத்தம் ஆகாது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால்கூட மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அதனால், கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் என் வேன் கீச்சென்று கத்த ஆரம்பித்ததும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பைபாஸ் ரோட்டில் இருக்கும் சங்கிலியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

சங்கிலி கெட்டிக்கார மெக்கானிக்; வாய்தான் கொஞ்சம் நீளம். கியர்பாக்ஸை இறக்கி, உள்ளே இருந்ததை எல்லாம் சாக்கில் பரப்பிக் காட்டினான். பேரிங் காய்ந்துபோயிருந்தது. கத்தியது அதுதான். கிளட்ச் பிளேட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஆனால் அது கத்தவில்லை.

“இறக்குனது இறக்கியாச்சு, ரெண்டையும் மாத்திருவோம்ணே. பேரிங்காவது கத்திச் சொல்லும். பிளேட்டு சொல்லாது. சூடேறுச்சுன்னா எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி நகராது.”

“அப்புறம்?”

“ஆற விட்டா மறுபடி போகும். தரையில நின்னா ஒண்ணும் இல்ல. ஏத்தத்துல நழுவுச்சுன்னா பின்னால உருண்டுரும். கொடைக்கானல் பக்கம் மட்டும் போயிராதீங்க.”

கிளட்ச் மேல் காலை லேசாக வைத்தபடியே ஓட்டினால் எவ்வளவு தூரத்தில் சூடேறும் என்று கேட்டேன். “அப்பிடி எவன்ணே ஓட்டுவான்?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பேரிங்கை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

என் பெயர் ஹரிநாராயணன். மதுரைச் சாயப்பட்டறைகளிலிருந்து சுங்குடிச் சேலை மூட்டைகளைக் கடைகளுக்கு ஏற்றிப் போவது என் தொழில். விசேஷ நாட்களில் வேனுக்குள் பெஞ்சு போட்டால் சொந்தபந்தமும் போகலாம். அப்பா அம்மா காலமான பிறகு வீட்டில் நானும் தங்கை வசுந்தராவும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. சாயங்காலம் வேன் தெருமுனையில் திரும்பும்போதே அவள் கதவைத் திறந்துவிடுவாள். கைகால் கழுவி வருவதற்குள் தட்டில் முள்முருங்கை வடை இருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அவளுக்கு வரன் வந்தபோது நான் தடுக்கவே இல்லை. எங்கள் சௌராஷ்டிரக் குடும்பத்தில், பெண் வீட்டார் தட்டுகளோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசி முடிப்பது வழக்கம். பெண் வரக்கூடாது. அப்படிப் போகிற வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு போன் பண்ணினால் போதும், மாப்பிள்ளை வீட்டாரே “வேண்டாம், விட்டுடுங்க” என்பார்கள். சகுனத்தோடு யார் வாதாடுவது? வண்டி ஏன் நின்றது என்று ஒருவர்கூடக் குனிந்து பார்த்தது கிடையாது.

முதல் வரன் திண்டுக்கல். பையன் சத்தமாகச் சிரிப்பான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொடை ரோடு தாண்டி வண்டி நின்றது. இரண்டாவது வரன் சேலம். அவ்வளவு தூரம் என் தங்கையை யார் அனுப்புவது? அதுவும் நின்றது. கூட வந்த ஜானு அத்தை மாதுளை, ஆப்பிள் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். வீடு திரும்பியதும் வசுந்தரா மாதுளையை உரித்து எனக்குக் கிண்ணத்தில் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வாங்கிய பழம் என்றால் முதல் தரமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வரன் பரமக்குடி கார்த்திகேஷ். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த வாரம் சங்கிலி எங்கள் தெருப்பக்கம் வந்தவன், வாசலில் நின்ற வசுந்தராவிடம் வாயைத் திறந்துவிட்டான்.

“அண்ணன்கிட்ட எம்புட்டோ சொல்லிட்டேன்மா. நல்ல காரியத்துக்குப் போற வண்டி, பிளேட்டை மாத்துங்கன்னு. கேக்க மாட்டேங்குறாரு.”

அன்று வடை தட்டுக்கு வந்தபோது அவள் கேட்டாள். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

“பிளேட்டு கிடைக்கலையா அண்ணா?”

“கிடைக்குதும்மா.”

நான் அவளிடம் பொய் சொல்வதில்லை. அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

பரமக்குடிக்குக் கிளம்பிய அன்று திருப்புவனம் தாண்டியதும் வேன் நின்றது. எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. அத்தை கண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். நான் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். நல்ல காற்று. அப்போதுதான் பின்னால் வந்த பரமக்குடி பஸ் எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஜன்னலிலிருந்து வசுந்தரா எட்டிப் பார்த்தாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

“அத்தே, தட்டுகளைக் குடுங்க. எல்லாரும் ஏறுங்க. கண்டக்டர் அண்ணன் இடம் வச்சிருக்காரு.”

“பொண்ணு வரக்கூடாதுடி!”

“வண்டி நிக்கலாம், பொண்ணு வரக்கூடாதா?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் இறங்கி வந்து ஆளுக்கொரு தட்டாக ஏற்றிவிட்டார். முன்சீட்டுக்காரர் ஒருவர் பழத்தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். அழுத அத்தை சிரித்துக்கொண்டே ஏறினாள். “அண்ணா, வண்டி ஆறினதும் வாங்க” என்று வசுந்தரா கையசைத்தாள். நியாயமாகச் சொல்கிறேன், அந்தக் காட்சி எனக்கே பிடித்திருந்தது. வண்டி ஆறியதும் நான் மதுரைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம். பந்தியில் நின்று நானே பரிமாறினேன். மாப்பிள்ளை தங்கமானவர், மெதுவாகத்தான் பேசுகிறார். இருவரும் திருநகரில் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன், வடை கிடைக்கிறது. மற்ற நாட்களில் நானே என் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போகிறேன். இப்போது அந்த வீட்டில் சத்தமே இல்லை. எனக்குச் சத்தம்தான் ஆகாது என்று நினைத்திருந்தேன். இந்த அமைதியும் ஆகவில்லை.

ஆகவே நாளைக் காலை அவர்கள் இருவரையும் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகிறேன். நான் தரும் கல்யாணப் பரிசு. ஏற்றத்தில் வண்டி நழுவினால் ஒருவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வசுந்தரா முன்சீட்டில் என் பக்கத்தில் இருப்பாள். அவள் இறங்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை கேட்பதற்கு முன்பே இறங்கி உதவுகிறவர். அவர் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருக்கும் நேரம், பிரேக்கில் ஒரு கால் இருக்கும். என் கால்தான். அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

நேற்று அவர்கள் வீட்டில் சாமான் எடுத்து வைக்கும்போது வசுந்தரா கேட்டாள்.

“பிளேட்டு மாத்தியாச்சா அண்ணா?”

“மாத்தியாச்சும்மா.”

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதுவும், மலை ஏறும்போது என் தங்கை பயப்படக்கூடாதே என்பதற்காகத்தான்.