ஆட்டம் நின்ற கார்

ஆய்வாளர் அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் மாமாவிடம். அவர் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுத்திருக்கிறார். நீங்கள் விசாரித்தபோது அவர் பக்கத்திலேயே நின்றதால் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. குடியிருப்பது அப்பாவின் கார் பட்டறைக்கு மேல்மாடியில். பெயரைக் கடைசியில் கையெழுத்தாகப் போடுகிறேன்.

போன சனிக்கிழமை அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, தன் காரைக் கொண்டு வந்தார். ஓடும்போது சரியாக இருக்கிறது, சிக்னலில் நின்றால் எஞ்சின் குலுங்குகிறது என்றார். "வீட்ல என்னைப் பாத்து நடுங்க வேண்டியவர் நடுங்கல, இது நடுங்குதுண்ணா" என்று சிரித்தார். அவர் பஸ்ஸில் போன பிறகு அவருடைய கணவர், அதாவது மாமா, வேலையைப் பார்க்கிறேன் என்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை.

அதன் பிறகு அப்பா பிளக்குகளைக் கழற்றிப் பார்த்து, நன்றாக இருந்ததால் திரும்ப மாட்டி, ஏர் பில்டரையும் பார்த்துவிட்டு, எஞ்சின் எங்கேயோ வேண்டாத காற்றை உறிஞ்சுகிறது என்றார். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார். நான் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயருகே 'ஸ்ஸ்' என்று கேட்டது. அந்தப் பூஸ்டர் வேலை செய்தால்தான் பிரேக் லேசாக மிதித்தாலும் பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், நேரான ஒரு வெட்டு. அப்பா "எலி கடிச்சிருக்குமோ?" என்றார். "எலியேதான் மச்சான்" என்றார் மாமா. எந்த எலி ஸ்கேல் வைத்துக் கடிக்கும்?

அதன் பிறகு, காரணம் அதுதான் என்று காட்ட, எஞ்சினில் குழாய் மாட்டும் வாயை அப்பா கட்டைவிரலால் அடைத்தார். குலுக்கம் சட்டென்று நின்றது. "பாருங்க மாப்ள, இதை மூடினா ஆட்டம் நின்னுடும். ஆனா பிரேக் கல்லாயிடும்" என்றார். மாமா எழுந்து கிட்டே வந்து, "இன்னொரு தடவை அடைங்க, பாக்கலாம்" என்றார்.

அதன் பிறகு அப்பா புதுக் குழாய் மாட்டி, கிளிப் போட்டு முடுக்கி, தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம் சாவியைக் கொடுத்தார். மாமா பழைய குழாயையும் கேட்டார். கழற்றியதை வண்டிக்கு உரியவர் கையில்தான் கொடுப்பது அப்பா வழக்கம். "தங்கச்சி வரட்டும்" என்று அலமாரியில் வைத்தார். அறிவியல் டீச்சரிடம் காட்டலாம் என்று நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை அத்தை இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதினார். இன்னும் கண் திறக்கவில்லை. காரில் புதுக் குழாய் இல்லை, அந்த வாயில் போல்ட் திணித்திருந்தது, ஆட்டத்தை நிறுத்த அப்பா செய்த திருட்டு வேலை என்று அவரைக் கூட்டிப்போனீர்கள். அன்று மாலை மாமா பட்டறை அலமாரியைக் கலைத்துத் தேடியதை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "வக்கீல் பாத்துக் குடுத்ததே அவர்தான், வாயை மூடுடி" என்றாள்.

இன்று சாப்பிடும்போது மாமா என் தலையைத் தடவி, "பைல என்ன கண்ணு, ரப்பர் வாடை அடிக்குது?" என்றார். அழிரப்பர் என்றேன். அவர் சிரித்தார். அத்தை பிழைத்து எழுந்தால் இவரோடுதான் அனுப்புவார்கள்.

வெட்டுப்பட்ட குழாயை இந்தத் தாளில் சுற்றிக் காலையில் உங்களிடம் கொடுப்பேன். மேலே உள்ளதில் நான் பார்க்காததையும் கேட்காததையும் சேர்க்கவில்லை. அப்பா போல்ட் அடைக்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. இப்படிக்கு,

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், கூப்பிடுவாள். இது